புகை சூழ்ந்த வேளையில் விவேகம்

மலையில் புகை எழுகிறது. ஆகவே மலையில் நெருப்பு உள்ளது. தர்க்க சாஸ்திரம் பயிலத் தொடங்கும் மாணவன் முதலில் கற்கும் அனுமானம் இதுவே. புகை உள்ள இடத்தில் நெருப்பு உண்டு என்பதற்குச் சமையலறையை உதாரணமாகக் காட்டுவர். தலைமுறை தலைமுறையாகப் பாடசாலைகளில் சொல்லப்பட்டு வரும் இந்த உதாரணம், நம்மில் பலருக்கு ஏட்டளவிலேயே நின்றுவிடுகிறது. உத்தராகண்ட் மாநிலத்தின் மலைகளில் வாழ்பவர்களுக்கோ, அது கோடைதோறும் கண்ணெதிரே நிகழும் உண்மை.

அங்கே பிப்ரவரி 15 முதல் ஜூன் 15 வரையிலான நான்கு மாதங்களைக் காட்டுத்தீக் காலம் என்றே வனத்துறை குறிப்பிடுகிறது. சீர் எனப்படும் பைன் மரங்களின் ஊசியிலைகள் கோடையில் உதிர்ந்து மலைச்சரிவுகளை மூடுகின்றன. மலைமக்கள் அவற்றைப் 'பிரூல்' என்பர். பிசின் நிறைந்த அந்தச் சருகுகள் காய்ந்து கிடக்கும்போது, அணைக்காமல் எறியப்பட்ட ஒரு பீடித்துண்டு போதும், காடு பற்றிக்கொள்ளும். 2016-ஆம் ஆண்டிலும் 2024-ஆம் ஆண்டிலும் தீ கட்டுக்கடங்காமல் பரவியபோது, விமானப்படையின் ஹெலிகாப்டர்கள் பீம்தால் ஏரியிலிருந்து நீரை முகந்து சென்று காடுகளின்மீது கொட்ட வேண்டியிருந்தது.

தீ எரிவது ஒரு மலையில் என்றாலும், புகை பல பள்ளத்தாக்குகளை நிறைக்கிறது. 2023 ஜூன் மாதத்தில் கனடா நாட்டுக் காடுகள் எரிந்தபோது, நூற்றுக்கணக்கான கிலோமீட்டருக்கு அப்பால் இருந்த நியூயார்க் நகரின் வானம் செம்மஞ்சள் நிறமாயிற்று. வடகிழக்கு மாநிலங்களில் மார்ச், ஏப்ரல் மாதங்களில் மலைச்சாகுபடிக்காகக் காட்டை எரிக்கும் புகையையும், பஞ்சாப், ஹரியானா மாநிலங்களில் அறுவடைக்குப்பின் வைக்கோல் தாள்களை எரிக்கும் புகையையும் அப்பகுதிகளில் வாழும் நம் அன்பர்கள் நன்கு அறிவர்.

இத்தகைய நாட்களில் எளிய கேள்வி ஒன்று ஒவ்வொரு வீட்டு வாசலிலும் வந்து நிற்கிறது: இன்று வெளியே செல்லலாமா, கூடாதா?

இது மருத்துவரிடம் கேட்க வேண்டிய கேள்வி, இதில் ஆன்மீகத்திற்கு என்ன வேலை என்று தோன்றலாம். ஆனால் விவேகம் என்பது தியான அறையில் மட்டும் பயன்படும் ஒன்றன்று. நித்தியம் எது, அநித்தியம் எது என்று பகுத்தறிய விரும்பும் சாதகன், செய்யத்தக்கது எது, தகாதது எது என்று அன்றாட வாழ்வில் பகுத்தறியவும் பழக வேண்டும். சிறியவற்றில் பழகாத புத்தி பெரியவற்றில் திடீரென்று கூர்மை அடைவதில்லை.

மூன்று பிரமாணங்கள்

ஒன்றை முடிவு செய்வதற்குமுன் அதை உள்ளபடி அறிய வேண்டும். அறிவதற்குரிய வழிகளைப் பிரமாணங்கள் என்று நம் முன்னோர் வகுத்தனர். அவற்றுள் காட்சி, அனுமானம், நம்பத்தக்கோர் வாக்கு ஆகிய மூன்றையும் இங்கே பொருத்திப் பார்க்கலாம்.

முதலாவது காட்சி. தினமும் தெரியும் எதிர்மலை இன்று தெரிகிறதா? கண் எரிகிறதா? தொண்டை கரகரக்கிறதா? இவை மதிக்கத்தக்க சாட்சிகள். ஆயினும் காட்சிக்கு ஓர் எல்லை உண்டு. புகையில் மிகுந்த தீங்கு விளைவிப்பவை 2.5 மைக்ரோமீட்டரும் அதற்குக் குறைவுமான விட்டமுடைய நுண்துகள்கள். தலைமுடியின் தடிமனில் ஏறக்குறைய முப்பதில் ஒரு பங்கே இருக்கும் அவை தனித்தனியே கண்ணுக்குத் தெரியா; நுரையீரலின் ஆழம்வரை செல்ல வல்லவை. மேலும், சிறிது நேரம் புகையில் இருந்தால் மூக்கு அந்த வாடைக்குப் பழகிவிடுகிறது. வாடை தெரியவில்லை என்பதால் காற்று தூய்மையாகிவிட்டது என்று பொருளன்று.

இரண்டாவது அனுமானம். இரவில் மலைச்சரிவுகள் குளிர்கின்றன. குளிர்ந்து கனத்த காற்று பள்ளத்தாக்கில் இறங்கித் தங்குகிறது. அதன்மேல் வெப்பமான காற்று மூடிபோல் அமைந்துவிட்டால், புகை மேலெழ வழியின்றி அடியிலேயே தேங்கும். கதிரவன் ஏறித் தரை சூடான பின்னரே அது கலைகிறது. ஆகவே, தூய்மையான வேளை என்று நாம் போற்றும் விடியற்காலையே புகை நாட்களில் பள்ளத்தாக்குகளில் பெரும்பாலும் கேடு மிகுந்த வேளையாக இருக்கக்கூடும்.

மூன்றாவது நம்பத்தக்கோர் வாக்கு. 2015 முதல் நம் நாட்டில் காற்றுத் தரக் குறியீடு நடைமுறையில் உள்ளது. மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் அதனை ஆறு படிகளாக வகுத்துள்ளது. 50 வரை நன்று. 100 வரை திருப்திகரம். 200 வரை மிதமான மாசு. 300 வரை மோசம். 400 வரை மிக மோசம். அதற்குமேல் 500 வரை கடுமை. 200-ஐத் தாண்டினாலே முதியோரும், குழந்தைகளும், கர்ப்பிணிகளும், இதய நோயோ ஆஸ்துமாவோ உடையவர்களும் வெளியில் உழைப்பதைக் குறைத்துக்கொள்வது நலம். 300-ஐத் தாண்டினால் உடல்நலம் உள்ளவர்களும் அவ்வாறே செய்ய வேண்டும். ஆனால் நுண்துகள்களைப் பொறுத்தவரை அந்த எண் 24 மணி நேரச் சராசரியைக் கொண்டு கணக்கிடப்படுவது. சற்றுமுன் வந்து சூழ்ந்த புகையை அது உடனே முழுமையாகக் காட்டாது. அளவை நிலையங்களும் மலைப்பகுதிகளில் குறைவு. ஆகவே ஒரு பிரமாணத்தை மட்டும் பற்றிக்கொள்ளாமல், மூன்றையும் ஒன்றோடொன்று ஒப்பிட்டு அறிவதே முறை.

புத்தி மூவகை

அறிந்தபின் முடிவு செய்வது புத்தியின் வேலை. பகவத்கீதையின் பதினெட்டாம் அத்தியாயம் புத்தியை மூன்றாகப் பிரிக்கிறது. எப்போது செயலில் ஈடுபடுவது, எப்போது விலகி நிற்பது, எதற்கு அஞ்சுவது, எதற்கு அஞ்சாமல் இருப்பது என்பவற்றை உள்ளபடி உணர்வது சாத்விக புத்தி. இவற்றைத் தெளிவின்றிக் குழப்பிக்கொள்வது ராஜச புத்தி. நேர்மாறாகவே புரிந்துகொள்வது தாமச புத்தி. அச்சம் முழுவதையும் ஒழிப்பதே வீரம் என்று அங்கே சொல்லப்படவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். அஞ்ச வேண்டியதை அறிவதும் அறிவின் பகுதியே. திருக்குறளின் 'அறிவுடைமை' அதிகாரமும் இக்கருத்தை வற்புறுத்துகிறது.

அல்மோராவை அடுத்த ஒரு மலைக்கிராமத்தில் வாழும் பெரியவர் ஒருவரை எண்ணிப் பார்ப்போம். வயது 68. இதயத்திற்கு மருந்து உட்கொள்பவர். முப்பது ஆண்டுகளாக விடியலில் மலையேறிச் சென்று தேவியை வலம்வருவது அவரது நியமம். இன்று பள்ளத்தாக்கு முழுவதும் புகை. மருமகள் தடுக்கிறாள். அவரோ, "இத்தனை ஆண்டுகளில் ஒருநாளும் தவறியதில்லை. என்னைத் தேவி பார்த்துக்கொள்வாள்" என்கிறார்.

அவரது பக்தியை நாம் ஐயுற வேண்டியதில்லை. ஆயினும் அந்த இரண்டு வாக்கியங்களையும் பிரித்துப் பார்க்க வேண்டும். இரண்டாவது வாக்கியம் சரணாகதி. முதலாவது, 'நான் தவறியதில்லை' என்ற கணக்கு. நியமம் 'நான்' என்பதைக் கரைப்பதற்காக ஏற்பட்டது. அந்த நியமத்தையே 'நான்' பற்றிக்கொண்டு வளர்வதும் உண்டு. மேலும், தடுக்கும் மருமகளின் சொல்லில் தேவியின் குரல் இருக்கக்கூடாது என்று யார் சொன்னது? காப்பாற்ற வேண்டும் என்று வேண்டிக்கொள்பவர், காப்பு எந்த வடிவில் வந்தாலும் ஏற்கவும் ஆயத்தமாக இருக்க வேண்டும்.

ஓய்வில் இருக்கும் மனிதன் நிமிடத்திற்கு ஏறக்குறைய 6 முதல் 8 லிட்டர் காற்றைச் சுவாசிக்கிறான். மலையேறும்போது அது பலமடங்காகிறது. உட்செல்லும் நஞ்சும் அவ்வாறே பெருகுகிறது. அதே பெரியவர் நண்பகலுக்குமேல் புகை விலகியபின் மெல்ல நடந்து சென்றால், தரிசனம் குறைவதில்லை. தீங்கு பெரிதும் குறைகிறது. புகை விலகவே இல்லையா? இருந்த இடத்திலேயே மானச பூஜை செய்யலாம். திருநின்றவூர்ப் பூசலார் நாயனார் உள்ளத்திலேயே கோயில் எழுப்பியதையும், காஞ்சியில் மன்னன் எழுப்பிய கற்றளிக்கு முன்னுரிமை தராமல் இறைவன் அந்த மனக்கோயிலுக்கு எழுந்தருளியதையும் பெரியபுராணம் வாயிலாக நாம் அறிவோம். உள்ளத்தில் வலம்வருவது குறைந்த வழிபாடு என்று எந்த மகானும் சொன்னதில்லை.

இதற்கு மறுபுறமும் உண்டு. சிறிது மங்கல் கண்டாலும் நாள்தோறும் கதவைச் சாத்திக்கொண்டு, செய்ய வேண்டிய கடமைகளையும் பார்க்க வேண்டிய நோயாளியையும் தவிர்ப்பது விவேகமாகாது. சோம்பலும் சுயநலமும் எச்சரிக்கையின் ஆடையை எளிதில் அணிந்துகொள்ளும். அன்றியும், தீயே ஊரை நெருங்கும்போது 'வீட்டிற்குள் இருப்பதே நலம்' என்று அமர்ந்திருப்பது பெருந்தவறு. அதிகாரிகள் வெளியேறச் சொன்னால் அக்கணமே வெளியேற வேண்டும். ஒரே விதியை எல்லா நாளுக்கும் வைத்துக்கொள்வது எளிது. அந்தந்த நாளை அதனதன் உண்மையில் காண்பதே விவேகம்.

வீட்டிற்குள் செய்யத்தக்கவை

வெளியே செல்லவில்லை என்று முடிவு செய்தால், உள்ளே இருக்கும் காற்றைக் காப்பது அடுத்த கடமை. புகை மிகுந்த நேரத்தில் சன்னல்களை மூடி, ஓர் அறையையேனும் தூய்மையாக வைத்துக்கொள்ள வேண்டும். அன்று ஊதுவத்தி, சாம்பிராணி, தூபம், ஹோமம் ஆகியவற்றைத் தவிர்க்கலாம். சிறியதொரு விளக்கும் ஒரு மலரும் போதும். வேகமாக மூச்சை இழுத்துவிடும் பிராணாயாமப் பயிற்சிகளையும் அன்று நிறுத்திவைக்க வேண்டும். ஜபமும் பாராயணமும் தடையின்றி நடக்கலாம்.

வெளியே சென்றே ஆக வேண்டியவர்கள் துண்டையோ ஈரத்துணியையோ கட்டிக்கொண்டு நிறைவு அடையக்கூடாது. நுண்துகள்களை அவை போதிய அளவு தடுப்பதில்லை. என்-95 வகை முகக்கவசமே பயன்தரும். அதுவும் இடைவெளியின்றி முகத்தோடு பொருந்த வேண்டும்; அடர்ந்த தாடி இருந்தால் அது பொருந்துவதில்லை. நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், தலைச்சுற்றல் தோன்றினால் தாமதமின்றி மருத்துவரை நாட வேண்டும். யாத்திரை செல்வோருக்கும் இது பொருந்தும். கேதார்நாத் கடல்மட்டத்திலிருந்து 3,500 மீட்டருக்கும் மேல் உள்ளது. அங்கே பிராணவாயு ஏற்கெனவே குறைவு. வழியில் புகை சூழ்ந்திருந்தால் ஓரிரு நாள் தங்கிச் செல்வது யாத்திரைக்குப் பங்கமாகாது.

யார் வெளியே செல்கிறார்?

இனி, இந்த முடிவில் நாம் பெரும்பாலும் காணத் தவறும் ஒன்றைக் காண்போம். பெரியவர் வீட்டிலேயே இருக்க இசைந்துவிட்டார். பசுவுக்குப் புல் வேண்டும். "நீ போய் அறுத்துக்கொண்டு வந்துவிடு" என்று மருமகளிடம் சொல்கிறார். குமாயூன் மலைகளில் புல்லும் விறகும் சுமப்பது பெரும்பாலும் பெண்கள்தாம். தம்மைத் தடுத்து நிறுத்திய அதே புகைக்குள் அவளை அனுப்புகிறோம் என்பது அவருக்குத் தோன்றவில்லை. அவளுக்கும் நுரையீரல் உண்டு. அதே தேவி அவளுள்ளும் உறைகிறாள்.

நாம் உள்ளே இருக்க முடிவதற்காக வெளியே சென்றுகொண்டிருப்பவர்கள் எத்தனைபேர்! பால் கொண்டு வருபவர், தெருவைப் பெருக்குபவர், கட்டடத்தில் கல் சுமப்பவர், யாத்திரைப் பாதையில் கோவேறு கழுதைகளை நடத்துபவர். இவர்களிடம் எவரும் 'இன்று செல்லலாமா' என்று கேட்பதில்லை. 2024 ஜூன் 13 அன்று அல்மோரா மாவட்டத்தின் பின்சர் வனவிலங்கு சரணாலயத்தில் காட்டுத்தீயை அணைக்கச் சென்ற வனப்பணியாளர் நால்வர் அத்தீயிலேயே உயிரிழந்தனர். விலகி நிற்பது நமக்கு விவேகம். முன்சென்று நிற்பது அவர்களுக்குக் கடமையாயிற்று. அந்தக் கடமையின் சுமையை நம்மால் இயன்ற அளவு குறைப்பது நம் தர்மம்.

ஆகவே சாத்விக புத்தி தன் சுவாசத்தோடு நின்றுவிடாது. இன்று புல் தேவையா, நேற்றைய வைக்கோல் போதுமா என்று பெரியவர் பார்க்கட்டும். புகை விலகிய நேரத்தில் மருமகள் செல்லட்டும். நல்ல முகக்கவசம் ஒன்று அவளுக்கு முதலில் கிடைக்கட்டும். நாமும் நம் வீட்டில் பணிபுரியும் அம்மையாரிடம், "இன்று வர வேண்டாம், ஊதியம் குறையாது" என்று சொல்ல முடியுமா என்று எண்ணுவோம். காட்டுப்பாதையில் நடக்கும்போது ஒரு தீக்குச்சியையும் கவனமின்றி எறியாதிருப்போம். அங்கே எழும் தீக்களில் பெரும்பாலானவை மனிதர் கையால் மூள்பவை.

அன்பர்களே, சுவாசம் நாம் சம்பாதித்ததன்று. கணந்தோறும் நமக்கு அளிக்கப்படுவது. அளித்தவனுக்கு நன்றியாக அதை வீணே மாசுபடுத்தாமல் காப்போம். மற்றவர் சுவாசத்தையும் நம்முடையதைப் போலவே கருதுவோம். வாசலில் நின்று 'செல்லலாமா' என்று கேட்கும்போது, 'என் பொருட்டு எவர் செல்கிறார்' என்ற கேள்வியையும் உடன் கேட்கும் தெளிவை இறைவன் நம் அனைவருக்கும் அருள்வானாக.