இயந்திரத்தின் கண்

பார்வையிழந்த வாசகர்களுக்கென 2002-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் கலிபோர்னியாவில் தோன்றிய 'புக்‌ஷேர்' என்னும் மின்நூலகத்தில், அச்சுப் புத்தகங்கள் பக்கம் பக்கமாக ஸ்கேன் செய்யப்பெற்று, கணினி குரலாக வாசிக்கவும் பிரெய்லியாக மாற்றவும் தக்க எழுத்துக்களாக்கப்பட்டன. ஆனால் இயந்திரத்தின் கண்ணை முற்றிலும் நம்புவதற்கில்லை. ஆங்கிலத்தில் ஆர், என் என்னும் இரண்டு அக்ஷரங்கள் நெருங்கி நின்றால் அது சில வேளை எம் என்றே கொள்ளும். ஆசிரியர் 'மாடர்ன்' என்று எழுதியது 'மோடம்' ஆகிவிடும். அதுவும் அகராதியில் உள்ள சொல்லே ஆகையால், பிழை காட்டும் கருவி மரியாதையாக வழிவிட்டு ஒதுங்கிக்கொள்ளும். அதனினும் கொடுமை, பக்கத்தின் உச்சியில் அச்சாகியிருக்கும் நூற்பெயரும் பக்க எண்ணும்: கண்ணால் படிப்பவர் அவற்றைக் கவனியாமலே தாண்டிப் போகிறார், காதால் படிப்பவருக்கோ, கதாநாயகி கண்ணீர் வடிக்கும் வாக்கியத்தின் நடுவிலே "நூற்று நாற்பத்தேழு" என்றொரு குரல் புகுந்து ரசத்தையே கெடுத்துவிடுகிறது.

இவற்றையெல்லாம் களையும்பொருட்டு, ஊதியம் யாதும் கருதாமல், முழு நூலையும் வரி வரியாகப் படித்துத் திருத்திய தொண்டர்கள் உண்டு. நாமெல்லாம் கதையின் வேகத்திலே எழுத்தை மறந்துவிடுகிறோம். இவர்களோ கதையை மறந்தால்தான் எழுத்தைக் காண முடியும். ஒரு நல்ல வாசகனுக்கு இதைவிடச் சிரமமான தியாகம் உண்டோ, நான் அறியேன். அத்தொண்டர்களிலும் பலர், குரல் கருவியின் உச்சரிப்பைச் செவிகொடுத்துக் கேட்டும், பிரெய்லிப் புள்ளிகளை விரலால் தடவியும் பிழை கண்ட பார்வையற்றவர்களே.