ஓம் என்றொரு சொல்

எங்கள் மூக்கண்டப்பள்ளியில் வாடகைக்கு வீடு கேட்டு வருபவரிடம் முதலில் கேட்பது, "எந்த ஊரு?" சிப்காட் வேலைக்கு ஒடிசாவிலிருந்து வந்த பையன்கூடத் தயங்காமல் சொல்லிவிடுவான். சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் லைன் வீட்டுக்கு வந்த பெயிண்டர் மட்டும் சற்று நேரம் பேசாமல் நின்றார். பிறகு, "முகாம்" என்றார்.

1990இல் இலங்கையிலிருந்து படகேறியபோது அவருக்கு 6 வயது. மனைவி முகாமிலேயே பிறந்தவர். தெலுங்கும் கன்னடமும் உருதும் புழங்கும் ஊரில் தமிழ் பேசும் குடும்பம். ஒட்டிக்கொள்ள என்ன சிரமம் என்றுதான் நினைத்தேன். அந்தப் பெண் வீட்டுக்குள் "ஓம்" என்பார், மளிகைக் கடையில் "ஆமா" என்பார். ஏன் என்று கேட்டேன். "ஓம் எண்டா உடனே எந்த ஊர் எண்டு கேப்பினம் அக்கா. பேந்து முழுக் கதையும் சொல்லோணும்."

முகாமில் ஆள் கணக்கெடுக்கும் செக்கிங் நாள் வந்தால் அவர்கள் வேலையை விட்டுவிட்டு பஸ் ஏறுவார்கள். நேரில் நின்றால்தான் அரசு தரும் பணக்கொடை.

இவர்களைப் பார்க்கும்போது, 1975க்குப் பின் லாவோஸ் மலைகளை விட்டு மீகாங் ஆற்றைக் கடந்து, தாய்லாந்து முகாம்கள் வழியாக அமெரிக்கா போன ஹ்மாங் மக்களை நினைக்கிறேன். மினசோட்டாவின் மொழி, பனி, சாப்பாடு எல்லாமே அவர்களுக்கு அந்நியம். ஆனாலும் லாவோஸில் நடந்த போரில் அமெரிக்காவுக்குத் துணைநின்ற ஹ்மாங் முதியவர்கள் ஆங்கிலம் தெரியாமலே குடியுரிமை பெற 2000இல் சட்டம் வந்தது. அமெரிக்காவிலேயே பிறந்த ஹ்மாங் பெண் சுனிசா லீ, 2021இல் டோக்கியோ ஒலிம்பிக்கில் அந்த நாட்டுக்காகத் தங்கம் வென்றார்.

இங்கே மொழி முதல் நாளே இருந்தது, குடியுரிமைதான் வரவில்லை. 1987 ஜூலை 1க்கு முன் இந்தியாவில் பிறந்தவர் பிறப்பாலேயே குடிமகன் என்கிறது சட்டம். அதைப் பற்றிக்கொண்டு, 1986இல் மண்டபம் முகாமில் பிறந்த ஒரு பெண் நீதிமன்றம் போய், 2024 தேர்தலில்தான் முதன்முதலாக வாக்களித்தார். பிறகு பிறந்தவர்களுக்கு, பெற்றோர் இருவரும் அகதிகள் என்றால், அந்த வழியும் இல்லை. 2019 குடியுரிமைத் திருத்தச் சட்டத்தில் இலங்கை சேரவில்லை. 2021இல் தமிழக அரசு 'அகதிகள் முகாம்' என்பதை 'இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்' என்று மாற்றியது. நல்ல மாற்றம்தான். ஆனால் முகாம் என்ற சொல் அப்படியே நிற்கிறது.

ஊரோடு ஒத்துப்போவது வந்தவர் பாடு என்றே வெகுநாள் நம்பியிருந்தேன். அவர்கள் தாய்வழி வந்த சொல்லைக்கூடக் கடைவாசலில் விழுங்கிக்கொண்டு ஒத்துப்போனார்கள். ஊர் அவர்களுக்காக எதை மாற்றிக்கொண்டது? குடியுரிமை டெல்லியில் தீர வேண்டியது. என் வாசலில் கேட்கப்படும் கேள்வி என்னுடையது.

இப்போது வீடு கேட்டு வருபவரிடம், "வீட்ல எத்தனை பேர்? ஒரு நாள் விட்டு ஒரு நாள்தான் தண்ணி வரும், சமாளிப்பீங்களா?" என்றுதான் தொடங்குகிறேன். ஊர்ப்பெயரை, சொல்லத் தோன்றினால் அவர்களே சொல்லட்டும்.