எடை போன பிறகு

சிரம்பானிலிருந்து போர்ட்டிக்சன் போகிற பழைய சாலையில், மம்பாவைச் சுற்றி ஒரு காலத்தில் பால்மரத் தோட்டங்கள். இன்றைக்குத் தாமான்கள். கார் நிறுத்துகிற இடம் போக வீட்டு முன்னால் மிஞ்சுகிற பத்தடி மண்ணில் எல்லாரும் ஏதோ ஒன்றை வளர்க்கப் பார்க்கிறோம். கவ் கிராஸ், துளசி, ஒரு கறிவேப்பிலை. மழை பெய்தால் புல்தரையில் தண்ணீர் அரை நாள் நிற்கும். நாலு நாள் வெயிலடித்தால் அதே புல் மஞ்சளாகும். உடனே உரம், அப்புறம் இன்னும் கொஞ்சம் உரம். அதுக்கும் சரிப்படலைன்னா பழைய புல்லைப் பிய்த்துவிட்டுப் புதுப் புல்லைக் கொண்டுவந்து பதிப்பது. ஆனால் கோளாறு புல்லில் இல்லை. அடியில் மண் இறுகிக் கிடக்கிறது.

அந்த இறுக்கம் தானாக வந்ததில்லை, அளந்து செய்தது. சிவில் படித்தவர்களுக்குப் புரோக்டர் சோதனை தெரியும். 1933-இல் அமெரிக்காவில் ரால்ஃப் புரோக்டர் மண் அணைகளுக்காக வகுத்த முறை. அதன் பிரிட்டிஷ் வடிவத்தில், ஒரு லிட்டர் அச்சில் மண்ணை மூன்று அடுக்காகப் போட்டு, இரண்டரைக் கிலோ சுத்தியலை 30 சென்டிமீட்டர் உயரத்திலிருந்து அடுக்குக்கு 27 தடவை விழவிட வேண்டும். எவ்வளவு ஈரத்தில் மண் மிக அதிகமாக இறுகும் என்று அதில் தெரிந்துவிடும். பிறகு கட்டுமானத் தளத்தில் ரோலர் ஓட்டி, அந்த அளவில் 90, 95 சதவீதம் வந்தால் கையெழுத்து. வராவிட்டால் தரை இறங்கும், சுவர் வெடிக்கும். ஆக, ரோலர் ஓட்டினவர் தப்பு செய்யவில்லை. தன் வேலையை ஒழுங்காகச் செய்திருக்கிறார். அவருக்கு வெற்றியாக இருந்த அதே எண்தான் வேருக்குச் சாவு. சாவி கொடுத்த நாளிலிருந்து 24 மாதம் வரை சுவர் வெடிப்புக்கு மேம்பாட்டாளர் பொறுப்பு. 'புல் வேர் இறங்கவில்லை' என்று அந்தப் புகார்ப் படிவத்தில் எழுதிக் கொடுத்தால் சிரிப்பார்கள்.

இறுகும்போது மண்ணிலிருந்து என்னதான் போகிறது? நல்ல மண்ணில் ஏறக்குறைய பாதி வெற்றிடம். காற்றும் நீரும் மாறிமாறி இருக்கிற சந்துகள். ரோலர் அந்தச் சந்துகளை மூடுகிறது, அவ்வளவுதான். மண்ணில் ஒரு துகளும் குறையவில்லை. "நாங்க எதையும் எடுக்கலையே" என்று அழுத்தினவர் சொன்னால் அது உண்மை. தராசில் வைத்தாலும் உண்மை. போனது இடம் மட்டும்தான், இடத்துக்கு எடை கிடையாது. களிமண் ஒரு கன சென்டிமீட்டருக்கு 1.4, 1.5 கிராமைத் தாண்டும்போதே பெரும்பாலான வேர்கள் திணறத் தொடங்கிவிடும்.

சரி, ரோலர் போய் இருபது வருசம் ஆச்சே, மண் தானா தளர்ந்திருக்காதா? இங்கேதான் எனக்குக் கோபம் வரும். காலம் எல்லாத்தையும் ஆற்றும் என்கிறோம். எந்த மண்ணில் என்று யாரும் கேட்பதில்லை. குளிர்நாடுகளில் மண்ணுக்குள்ளே நீர் உறைந்து, விரிந்து, உருகி, மண்ணை ஓரளவு கிளறிவிடும். தமிழ்நாட்டுக் கரிசல் வெயிலில் கையை விடும் அளவுக்குப் பிளந்து, மழையில் உப்பி, தன்னைத் தானே உழுதுகொள்ளும். நம்முடைய செம்மண் அப்படியில்லை. அதிலுள்ள கயோலினைட் களிமண் ஈரத்துக்குப் பெரிதாக உப்பவும் உப்பாது, சுருங்கவும் சுருங்காது. உறைபனி இந்த ஊருக்கு வரப்போவதுமில்லை. மண்புழு, எறும்பு, வேர், மனிதக் கை, இந்த நாலை விட்டால் இங்கே காலம் சும்மா கடந்துபோகும்.

தோட்டத்தை விட்டு வந்து ரெண்டு தலைமுறை ஆச்சு, இன்னும் என்ன சாக்கு? நம் ஆட்களே நம் ஆட்களைப் பார்த்துக் கேட்கிற கேள்வி இது, கல்யாண வீட்டுப் பந்தியில்கூட. மண்ணையும் மனுசனையும் ஒப்பிடுவதில் எனக்குத் தயக்கம் உண்டு. மண்ணுக்கு வலிக்காது, மனுசனுக்குக் கால் இருக்கிறது, நகர முடியும். ஆனாலும் அந்தக் கேள்வியில் இருக்கிற கணக்குப் பிழை இதுதான்: எடையைத் தூக்கியதும் இறுக்கமும் போய்விடும் என்று நினைப்பது.

இந்த மண் ரோலருக்கு முன்னாலேயே அடிவாங்கியது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மலாயாத் துரைமார்களுக்கு மரத்தடியில் ஒரு புல்கூட இருக்கக்கூடாது. நம் முன்னோர்தான் மண்வெட்டியோடு குனிந்து செதுக்கினார்கள். வெற்று மண் மழையில் கரைந்து ஆற்றோடு போனது. புத்தி வந்து, 1920களின் பிற்பகுதியிலும் 1930களிலும் புவேரேரியா, சென்ட்ரோசீமா போன்ற மூடுகொடிகளை மரங்களுக்கிடையே பரவலாக விட்டார்கள். மேல்மண் கரையக் காரணமான வேலையைச் செய்தது கூலிக்காரனின் கை, முடிவெடுத்தது வேறொருவர். குற்றவாளியைத் தேடிக்கொண்டு போனால் இப்படி நீளும். யார் அழுத்தினது என்பது ஒரு கேள்வி, யார் தளர்த்தணும் என்பது வேற கேள்வி. முதலாவதுக்குப் பதில் வரும்வரை ரெண்டாவதைத் தள்ளிவைக்கிறோம். எனக்குத் தெரிந்தவரை, இப்போது அந்த மண்மேல் யார் நிற்கிறாரோ, அவர் பங்கு அதில் உண்டு. குற்றம் இல்லாமலும் கடமை வரலாம்.

தளர்த்துவதிலும் வகை இருக்கிறது. ஆணி வைத்த செருப்பு ஒன்று விற்கிறார்கள், போட்டுக்கொண்டு புல்மேல் நடக்கலாம். ஆணி இறங்கும் இடத்தில் ஓட்டை விழும்தான். ஆனால் அங்கிருந்த மண் எங்கே போகும்? பக்கத்து மண்ணில்தான் நெருக்கியடிக்கும். ஓட்டையின் சுவர் முன்னைவிடக் கெட்டி. உதவி செய்கிறோம் என்று வருகிற பலர் இந்தச் செருப்போடுதான் வருகிறார்கள்.

சரியான வழி மண்ணை உருளை உருளையாக வெளியே எடுப்பது. அதற்கு இயந்திரம் உண்டு. சின்ன இடத்துக்கு ஹார்ட்வேர் கடையில் அரை அங்குல இரும்புக் குழாய் வாங்கி, முனையைச் சீவி, சுத்தியலால் இறக்கி இழுத்தால் போதும். ஏழெட்டு சென்டிமீட்டர் ஆழம், ஒரு சாண் இடைவெளிக்குள் இரண்டு மூன்று ஓட்டை. மழை விட்டு ஒருநாள் கழித்து, மண் பதமாக இருக்கும்போது. சேறாக இருக்கையில் செய்தால் அதுவே இன்னொரு ரோலர். எடுத்த உருளைகளை அங்கேயே உதிரவிட்டு, மக்கிய உரத்தைத் தூவிக் கூட்டிவிடலாம். முதுகு வலிக்கும். ஒருதடவையில் முடியாது, வருசத்துக்கு ஒன்றிரண்டு முறை செய்யணும்.

பலர் இதற்குப் பதிலாக ஒரு குழி தோண்டி, பையில் விற்கிற நல்ல மண்ணை நிரப்பி, கறிவேப்பிலையை நடுவார்கள். முதல் வருசம் செழிப்பாக வரும். பிறகு வேர் குழியின் சுவரில் முட்டி வட்டமடிக்கும், மழைத்தண்ணீர் தொட்டிபோலத் தேங்கி அடிவேர் அழுகும். ஒரே ஒரு செடிக்கு மட்டும் விடுதலை கொடுத்தால் இப்படித்தான் ஆகிறது.

பொறுமைக்கு நிலத்தை உவமை சொன்ன வள்ளுவர், தன்னைத் தோண்டுகிறவரையே தாங்குகிற நிலத்தைக் காட்டினார். அவர் காலத்தில் ரோலர் இல்லை. இறுகிய மண்ணுக்குத் தோண்டுவது இம்சை கிடையாது. அது பொறுத்துக்கொண்டதெல்லாம் மேலே ஏறி ஓடியதைத்தான். அந்தப் பொறுமையைப் புகழ்வதா என்று எனக்குச் சந்தேகம்.

குழாயிலிருந்து வரும் முதல் உருளைகளைக் கையில் வைத்துப் பார்க்க வேண்டும். மேலே இரண்டு விரல் அளவுக்கு வேர் பின்னிக் கிடக்கும், அதற்குக் கீழே கோடு கிழித்தமாதிரி வெறும் சிவப்பு மண். அடுத்த வருசம் எடுக்கும்போது அந்தக் கோட்டைத் தாண்டி, பழைய ஓட்டை இருந்த இடத்தில் மட்டும், நூல் நூலாக வெள்ளை வேர் இறங்கியிருக்கும்.