ஓட்டுக்குள் இருக்கும் நிறம் யாருக்காக?

உலகம் மனிதனுக்காகப் படைக்கப்பட்டதா என்ற பழைய கேள்விக்கு, கலிஃபோர்னியக் கடலடியில் பாறையைக் கவ்விக் கிடக்கும் அபலோனி என்ற கடல் நத்தையிடம் ஒரு விடை இருக்கிறது. காது போன்ற ஒற்றை ஓடு. மூச்சுக்கு உள்ளே போன நீர் வெளியேற அதில் வரிசையாகத் துளைகள். ஓட்டின்மேல் பாசி படர்ந்திருப்பதால் மூழ்கித் தேடுபவரின் கண்ணுக்கு அதுவும் பாறைதான். இடுக்கில் ஓட்டு விளிம்பைச் சுற்றி நெளியும் கரிய உணர்விழைகளைக் கண்டால்தான் உயிர் இருப்பது தெரியும். உட்புறமோ பச்சையும் நீலமும் இளஞ்சிவப்புமாக மின்னுகிறது. உயிருள்ளவரை உடல் அதை மூடியே வைத்திருக்கிறது. தன் இனத்துக்குக்கூடக் காட்டுவதில்லை.

ஒளித்துவைத்த இந்த அழகு நாம் எடுத்து மகிழ்வதற்கே என்று ஒருவர் வாதிடலாம். ஓட்டின் அமைப்பு அதை மறுக்கிறது. மிக மெல்லிய சுண்ணாம்புத் தகடுகள் புரதப் பசையோடு செங்கல்போல் அடுக்கப்பட்டிருக்கின்றன. நண்டோ கடல் நீர்நாயோ தாக்கினால் விரிசல் அந்த அடுக்குகளில் வளைந்து வலுவிழக்கிறது. அந்தத் தகடுகளின் மெல்லிய தன்மையே ஒளியைப் பிரித்து நிறம் காட்டுகிறது. கண் இல்லாமல் நிறம் ஏது என்று கேட்டால், அது சரியே. நிறம் நம் பார்வையில் பிறக்கிறது. ஆனால் அதைத் தரும் அடுக்கு, நத்தை தன் உயிரைக் காக்கக் கட்டியது. நம் மகிழ்ச்சி அதன் விளைவே தவிர, நோக்கம் அல்ல.

உடலும் கருவிகளும் உலகும் நுகர்பொருளும் உயிர்களுக்காக இறைவன் தந்தவை என்கிறது சைவ சித்தாந்தம். இதை மனிதனின் உரிமைப் பத்திரமாகப் படிப்பது பிழை. உயிர்களுக்கு என்றால் நத்தைக்கும்தான். அப்படியானால் ஓர் உயிர் இன்னொன்றை உண்பதும் தவறா? நீர்நாயும் அபலோனியைத் தின்கிறது. அதன் பசிக்கு ஓர் எல்லை உண்டு. எல்லாம் எனக்கே என்ற எண்ணத்துக்கு எல்லை இல்லை. 1970களில் வெள்ளை அபலோனி என்ற வகை அளவுமீறி அள்ளப்பட்டது. முட்டையையும் விந்தையும் நீரில் விடும் இனம் அது. ஆணும் பெண்ணும் அருகருகே இல்லாவிட்டால் கருவே உண்டாகாது. எஞ்சியவை உயிரோடிருந்தும் சந்ததியற்றுப் போயின. 2001இல் அமெரிக்காவின் அழிவாபத்துப் பட்டியலில் முதன்முதலாக இடம்பெற்ற முதுகெலும்பற்ற கடலுயிர் அதுதான். ஆகவே கடலில் இறங்குபவர் பாசி மூடிய ஓட்டைக் கண்டறிந்த மகிழ்ச்சியோடு கரையேறட்டும். உள்ளே இருக்கும் நிறம் அந்த உயிருக்கு உரியது.