விஹாரமும் இல்லறமும்

பெங்களூரில் பணிபுரியும் ஓர் இளம் தம்பதியர், ஞாயிறு விடியுமுன் புறப்பட்டு நந்தி மலைக்குச் செல்வதுண்டு. 1,478 மீட்டர் உயரம், கீழே வெண்மேகம். கணவருக்குப் புகைப்படக் கலையில் நாட்டம். மனைவிக்கோ மௌனமாக அமர்ந்திருப்பதில். ஒருநாள் மனைவி கேட்டார்: 'சூரியனைப் பார்த்தீர்களா, படம் மட்டும் எடுத்தீர்களா?' கணவரிடம் பதில் இல்லை.

இத்தகைய உல்லாசம் ஆன்மிகத்திற்குத் தடையா? கீதையின் 6-ஆம் அத்தியாயம், 17-ஆம் சுலோகம் உணவோடு விஹாரத்தையும் சேர்த்தே பேசுகிறது. விலக்கச் சொல்லவில்லை, அளவைக் கேட்கிறது. யோகிக்குச் சொன்னது என்று இல்லறத்தார் இதை ஒதுக்கிவிடுவதுண்டு. கேட்ட அர்ஜுனனோ இல்லறத்தான்! அளவு என்பது நேரக் கணக்கு மட்டுமன்று. சென்ற இடத்தில் மனம் இருந்ததா, உடன் வந்தவர் நினைவில் இருந்தாரா என்பதும் அதில் அடங்கும்.

அடுத்த முறையும் கணவர் காமிராவைக் கொண்டு சென்றார். சூரியன் உதித்த பிறகே அதை உறையிலிருந்து எடுத்தார்.