சும்மா

எங்கள் அடுப்படிக் குழாய் சொட்ட ஆரம்பித்ததும் நான் முதலில் செய்த காரியம் அதன் அடியில் ஒரு வாளியை வைத்ததுதான். சிவகாசிப் பக்கம் குடியிருப்பவர்களுக்கு இதற்குக் காரணம் சொல்ல வேண்டியதில்லை. எங்கள் தெருவுக்கு வாரத்துக்கு ஒருமுறைதான் தண்ணீர் வரும். தரைத்தொட்டியில் பிடித்து, மோட்டார் போட்டு மாடித்தொட்டிக்கு ஏற்றி, அடுத்த முறை வரும்வரை அளந்து புழங்குகிறோம். விடியும்போது அந்த வாளி நிறைந்திருந்தது. அதைத் தூக்கிப்போய்ப் பாத்திரம் விளக்க ஊற்றிவிட்டு மறுபடி கொண்டுவந்து வைப்பதும் என் அன்றாட வேலைகளில் ஒன்றாகச் சேர்ந்துகொண்டது.

பிளம்பருக்குப் போன் செய்தோம். வந்து பார்த்து மாட்ட 400 ரூபாய், சாமான் தனி என்றார். "நாளைக்குக் காலைல வாரேங்க்கா" என்றார். அந்த நாளை மூன்று நாளாக வரவில்லை. நான்காம் நாள் என் கணவர் சொன்னார்: "பத்து ரூபா வாஷருக்கு எதுக்கு நானூறு ரூபா? யூடியூப்ல எல்லாம் இருக்கு. நீ வீட்ல சும்மாதான இருக்க, பாத்து மாத்திடேன்."

நான் சும்மா இருக்கவில்லை. அச்சகங்களுக்கு மெய்ப்புப் பார்க்கிறேன். பக்கத்துக்கு இவ்வளவு என்று கூலி. அவருக்கும் அது தெரியும். கெட்ட எண்ணத்தோடு சொல்லவில்லை, வாயில் வழக்கமாக வருவது வந்தது. ஆனால் அந்தச் சொல் எனக்குள் தங்கிவிட்டது. சும்மா என்றால் வேலையில்லாமல் இருப்பது. காசு வாங்காமல் கொடுப்பதையும் சும்மா என்றுதான் சொல்கிறோம். காய்கறிக்காரர் கறிவேப்பிலையைச் சும்மா கொடுப்பார். ஒரு பெண் வீட்டில் சும்மா இருக்கிறாள் என்று சொல்லும்போது இந்த இரண்டு பொருளும் ஒன்றாகிவிடுகின்றன. அவளுக்கு வேலை இல்லை, அதனால் அவள் நேரத்துக்கு விலையும் இல்லை. 400 ரூபாயா, 10 ரூபாயா என்ற கணக்கு முழுவதும் இந்த ஒரு சொல்லின் மேல்தான் நிற்கிறது.

கணக்கை முழுதாகப் போட்டுப் பார்ப்போம். பிளம்பர் வருவார் என்று மூன்று நாள் காலையில் நான் வெளியே போகவில்லை. அச்சகத்தில் கொடுக்க வேண்டிய தாள்களைக் கொடுக்கப் போகவில்லை. பக்கத்து வீட்டு அக்கா பட்டாசு ஆலையில் சரம் பின்னுகிறார். செய்த வேலைக்குத்தான் கூலி. போன மாதம் அவர் வீட்டுக் கழிப்பறைக் குழாய் உடைந்தபோது, ஆள் வரும் நாளில் அவர்தான் வேலைக்குப் போகாமல் இருந்தார். அவர் கணவர் போகாமல் இருக்கலாம் என்று யாருக்கும் தோன்றவில்லை. பிளம்பருக்குக் கொடுத்த பணம் செலவு என்று எழுதப்பட்டது. அக்கா இழந்த ஒரு நாள் கூலியை யாரும் எங்கும் எழுதவில்லை. அன்று வந்தவர் வாசலில் நின்றுகொண்டு கேட்ட முதல் கேள்வி, "வீட்ல ஆம்பள யாரும் இல்லையாம்மா?" வேலையை எடுத்துச் சொல்லவும் கூலி பேசவும் அவருக்கு ஓர் ஆண் தேவைப்பட்டார். காத்திருக்க மட்டும் பெண் போதும்.

இதையெல்லாம் யோசித்துவிட்டு, நானே செய்வது என்று முடிவெடுத்தேன். ஹார்டுவேர் கடைக்காரர், "அண்ணன வரச் சொல்லுங்கக்கா, அவருக்குத்தான் அளவு தெரியும்" என்றார். அண்ணனுக்கு அளவு தெரியாது என்று நான் சொல்லவில்லை. அரை இஞ்ச் குழாய்க்கு ஒரு வாஷர், ஒரு டெஃப்லான் டேப், ஒரு ஸ்பேனர் வாங்கிவந்தேன். மாடித்தொட்டியிலிருந்து வரும் கேட் வால்வை மூடி, குழாயைத் திறந்து மிச்சத் தண்ணீரை வடித்து, தலைப்பகுதியைக் கழற்றினேன். உள்ளே இருந்த ரப்பர், உப்புத்தண்ணீரில் ஊறி ஊறிக் கல் மாதிரி இறுகியிருந்தது. வாங்கிவந்த வாஷர் அளவு சேரவில்லை. பழையதைக் கையில் எடுத்துக்கொண்டு மறுபடி கடைக்குப் போனேன். போக வர, கழற்ற மாட்ட, மொத்தம் இரண்டு மணி நேரம். வால்வைத் திறந்தேன். சொட்டவில்லை.

அந்த மகிழ்ச்சியைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். இத்தனை வருடம் நான் புழங்கிய குழாய்க்குள் என்ன இருக்கிறது என்று அன்றுதான் பார்த்தேன். திருகினால் ஒரு தண்டு இறங்கி ரப்பரை அழுத்தித் துளையை அடைக்கிறது. அவ்வளவுதான். இதைத் தெரிந்துகொள்ள விடாமல் என்னை யாரும் கட்டிப்போடவில்லை. தெரிந்துகொள்ளலாம் என்று யாரும் சொல்லவும் இல்லை.

ஆனால் அடுத்த மாதமே இன்னொன்று நடந்தது. கழிப்பறையின் ஃபிளஷ் டேங்க் ஒழுகியபோது கணவர் போனை எடுக்கவே இல்லை. "நீதான் இருக்கியே" என்றார். பாராட்டாகத்தான் சொன்னார். மாமியாரும், "இனிமே பிளம்பர் செலவு மிச்சம்" என்று சந்தோஷப்பட்டார். சமையல், துணி, மகனின் வீட்டுப்பாடம், தண்ணீர் வரும் நாளில் விடிகாலை எழுவது என்ற வரிசையில் பழுதுபார்ப்பதும் சேர்ந்துவிட்டது. மிச்சமான 400 ரூபாய் குடும்பத்துக்குப் போயிற்று. செலவான இரண்டு மணி நேரம் என்னிடமிருந்து போயிற்று.

இது என் வீட்டுக் கதை மட்டும் அல்ல. 2019இல் இந்திய அரசு நடத்திய நேரப் பயன்பாட்டு ஆய்வின்படி, ஊதியமில்லாத வீட்டுவேலையில் ஈடுபடும் பெண்கள் அதற்கு ஒரு நாளில் சராசரியாக 299 நிமிடம் செலவிடுகிறார்கள். ஈடுபடும் ஆண்கள் 97 நிமிடம். அப்படி ஈடுபடும் ஆண்களே நான்கில் ஒரு பங்குதான். தன் வீட்டுச் சமையல்காரியை ஒருவர் மணந்துகொண்டால் நாட்டின் வருமானம் குறைந்துவிடும் என்று ஆங்கிலப் பொருளியலாளர் ஆர்தர் பிகூ ஒரு நூற்றாண்டுக்கு முன்பே சுட்டிக்காட்டினார். அதே பெண், அதே அடுப்பு, அதே சோறு. கூலி மட்டும் நின்றுவிடுகிறது, கணக்கிலிருந்து வேலையே காணாமல் போகிறது. பிளம்பரை அனுப்பிவிட்டு மனைவி ஸ்பேனரை எடுக்கும்போது நடப்பதும் இதுதான்.

2023 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றம், கணவர் பெயரில் வாங்கிய சொத்தில் வீட்டைக் கவனித்துக்கொண்ட மனைவியின் உழைப்பும் இருக்கிறது, அவருக்கும் சமபங்கு உண்டு என்று ஒரு வழக்கில் தீர்ப்புச் சொன்னது. அதே ஆண்டு செப்டம்பரில் தமிழ்நாட்டில் மாதம் 1000 ரூபாய் கொடுக்கும் திட்டத்துக்கு உதவித்தொகை என்று பெயர் வைக்காமல் உரிமைத்தொகை என்று வைத்தார்கள். தொகை சிறிது என்று சொல்லலாம். ஆனால் 'சும்மா' என்ற சொல்லுக்கு எதிராக அரசு ஆவணத்தில் ஒரு சொல் ஏறியிருப்பது சிறிய விஷயம் அல்ல.

ஸ்பேனரைப் பிடித்தபோது எனக்கு அம்மாவின் கைதான் நினைவுக்கு வந்தது. அம்மா வீட்டில் உட்கார்ந்து தீப்பெட்டி ஒட்டியவர். 144 பெட்டி ஒரு குரோஸ், குரோஸுக்கு இவ்வளவு என்று கூலி. பேசிக்கொண்டே, பிள்ளைக்குப் பால் கொடுத்துக்கொண்டே, பார்க்காமலே ஒட்டுவார். ஒரு மடிப்பும் பிசகாது. இந்த ஊரின் தொழில் வரலாற்றை எல்லோரும் பெருமையாகச் சொல்வோம். அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தாவுக்குப் போய்த் தீப்பெட்டித் தொழிலைக் கற்றுவந்து 1923இல் இங்கே தொடங்கினார்கள். அவர்கள் கற்றதைக் கற்றது என்று சொல்கிறோம். அம்மா தன் அம்மாவிடம் கற்றதை யாரும் அப்படிச் சொல்வதில்லை, "பொம்பளைங்களுக்குக் கை தானா வரும்" என்றார்கள். தானாக வருவதற்குக் கூலி குறைவு. அந்த விரல்களால் ஒரு வாஷரை மாற்ற முடியாதா? ஆனால் குழாய் என்று வந்ததும் அதே விரல்களுக்கு அளவு தெரியாது, அண்ணனை அனுப்ப வேண்டும். பெண்ணுக்கு என்ன வரும், என்ன வராது என்பதை அவள் கை முடிவு செய்வதில்லை. அந்த வேலைக்கு என்ன கூலி கிடைக்கும் என்பதே பல நேரம் முடிவு செய்கிறது.

குழாய் என்றால் விருதுநகரில் ஒரு கதை சொல்லாமல் இருக்க மாட்டார்கள். காமராசர் முதலமைச்சராக இருந்தபோது, தெருக்குழாயில் தண்ணீர் எடுத்துவந்த அவருடைய தாயார் சிவகாமி அம்மாளின் வீட்டுக்கு நகராட்சிக்காரர்கள் தனிக் குழாய் போட்டுக் கொடுத்தார்களாம். கேள்விப்பட்ட காமராசர் உடனே அதை எடுக்கச் சொன்னாராம். நேர்மைக்கு எடுத்துக்காட்டாகப் பள்ளியில் இந்தக் கதையைக் கேட்டு வளர்ந்தேன். இன்றும் அந்த நேர்மையை மதிக்கிறேன். ஊருக்கில்லாத குழாய் முதலமைச்சர் வீட்டுக்கு எதற்கு? ஆனால் சிறுவயதில் தோன்றாத ஒரு கேள்வி இப்போது தோன்றுகிறது. குழாயை எடுத்த மறுநாள் குடத்தைத் தூக்கியது யார்? கதை அதற்குள் முடிந்துவிடுகிறது. மகனின் கொள்கைக்கான விலையில் ஒரு பங்கைத் தாயின் இடுப்பு கொடுத்திருக்கிறது. கொள்கை சரியா தவறா என்பது ஒரு கேள்வி. அதன் செலவு யார் தலையில் விழுகிறது என்பது இன்னொரு கேள்வி. இரண்டாவதைக் கேட்டால் முதலாவதை அவமதித்ததாக ஆகாது.

அப்படியானால் பிளம்பரையே கூப்பிட்டுவிடலாமா? அங்கேயும் ஒரு கேள்வி இருக்கிறது, அது என்னை நோக்கியது. மழைக்காலத்தில் எங்கள் வீட்டுப் பின்புறச் சேம்பர் அடைத்துக்கொண்டது. பிளம்பர் எட்டிப் பார்த்துவிட்டு, "இதுக்கு வேற ஆளு இருக்குக்கா" என்று ஒரு நம்பர் கொடுத்தார். வந்தவர் சட்டையைக் கழற்றிவிட்டு, கையுறை இல்லாமல் தோள்வரை கையை விட்டு அடைப்பை எடுத்தார். 500 கேட்டார். நாங்கள் பேரம் பேசி 300 கொடுத்தோம். நல்ல தண்ணீர்க் குழாயைத் தொட்டவருக்குக் கேட்ட 400ஐக் கொடுத்த வீடு அது. கையால் மலம் அள்ளுவதையும், பாதுகாப்பில்லாமல் கழிவுநீர்த் தொட்டியைச் சுத்தம் செய்ய ஆளை இறக்குவதையும் 2013ஆம் ஆண்டுச் சட்டம் தடைசெய்திருக்கிறது. எங்கள் வீட்டுச் சேம்பர் அந்தச் சட்டத்தின் எந்தப் பிரிவில் வரும் என்று அன்று நான் யோசிக்கவில்லை. அவருக்குக் குடிக்கத் தண்ணீர் கொடுத்தபோது எந்தச் செம்பை எடுத்தேன் என்பது மட்டும் நினைவிருக்கிறது. அதை எழுத வெட்கமாக இருக்கிறது.

ஆக, ஒரே வீட்டின் தண்ணீர் வேலை மூன்றாகப் பிரிந்திருக்கிறது. கழிப்பறையைத் தேய்ப்பது பெண்ணுடையது, அதற்குக் கூலியே இல்லை. குழாய் மாட்டுவது தொழில் தெரிந்த ஆணுடையது, அதற்குக் கூலி உண்டு. அடைப்பெடுப்பது ஒரு குறிப்பிட்ட சாதியினுடையது, அதற்குப் பேரம் பேசிய கூலி. நானே செய்துகொள்வேன் என்று பெருமைப்பட்ட நான், எந்த இடத்தில் அந்தப் பெருமையை நிறுத்திவிட்டு வேறொருவரைக் கூப்பிட்டேன் என்பதைப் பார்த்தால், அந்தக் கோட்டைப் போட்டது என் திறமைக் குறைவு மட்டும் இல்லை என்று தெரியும்.

இதற்கு விடை தேடும்போது எனக்கு உதவியது உத்தரப் பிரதேசத்தின் பாந்தா மாவட்டப் பெண்களின் கதை. 1990களின் தொடக்கத்தில் மகிளா சமாக்யா என்ற அரசுத் திட்டத்தின் மூலம், எழுதப் படிக்கத் தெரியாத கிராமத்துப் பெண்கள், அவர்களில் பலர் தலித்துகள், கைப்பம்பு பழுதுபார்க்கக் கற்றுக்கொண்டார்கள். பம்பு கெட்டால் தூரம் நடந்து தண்ணீர் சுமப்பவர்கள் அவர்கள்தான். ஸ்பேனர் மட்டும் அதுவரை வேறு கையில் இருந்தது. அவர்கள் கற்றது தங்கள் வீட்டுச் செலவை மிச்சப்படுத்த அல்ல. ஊரின் பம்பை மெக்கானிக்குகளாக நின்று பழுதுபார்த்தார்கள். பெண் கற்பதையும், கற்றதாலேயே அவள் சும்மா செய்தாக வேண்டும் என்பதையும் பிரித்துப் பார்க்க இது எனக்குச் சொல்லிக்கொடுத்தது.

கற்றுக்கொள்வது என் உரிமை. செய்வது என் ஒருத்தியின் கடமை அல்ல. பிளம்பரைக் கூப்பிடுவதா வேண்டாமா என்பதைப் பணத்தை மட்டும் வைத்து முடிவு செய்ய முடியாது. யாருடைய பணம் மிச்சம், யாருடைய நேரம் செலவு, யாருடைய உடம்பு அழுக்காகிறது என்று மூன்றையும் கேட்க வேண்டும்.

எங்கள் வீட்டில் சில மாற்றங்கள் வந்திருக்கின்றன. பெரிய மாற்றங்கள் என்று சொல்ல மாட்டேன். வாஷர் மாற்ற என் கணவருக்கும் பன்னிரண்டு வயது மகனுக்கும் சொல்லிக்கொடுத்தேன். மகன் என்னைவிட வேகமாக மாட்டுகிறான். கணவர் முதல்முறை டெஃப்லான் டேப்பைத் தலைகீழாகச் சுற்றினார், நான் சிரிக்கவில்லை. பிளம்பர் வருவதாக இருந்தால் காத்திருப்பது முறைவைத்து. பிளம்பரிடம் பேரம் பேசுவதில்லை. அவர் கேட்கும் 400 ரூபாயில் பெட்ரோலும், வேலை கிடைக்காத நாட்களும், பல வருடம் கற்றதும் இருக்கின்றன. சேம்பர் அடைத்தால் கழிவுநீர் உறிஞ்சும் வண்டியைத்தான் கூப்பிடுவது, எவ்வளவு ஆனாலும் ஆளை இறக்குவதில்லை. இதிலெல்லாம் மாதச் செலவு சற்றுக் கூடியிருக்கிறது. கூடியது என்று சொல்வதைவிட, முன்பு வேறு யாரோ கொடுத்துக்கொண்டிருந்ததை இப்போது நாங்கள் கொடுக்கிறோம் என்று சொல்வது சரியாக இருக்கும்.

போன வாரம் பக்கத்து வீட்டு அக்கா ஸ்பேனர் கேட்டு வந்தார். அவர் வீட்டுக் குழாயும் சொட்டுகிறதாம். எடுத்துக் கொடுத்துவிட்டு, "மாட்டப்போறது யாருக்கா?" என்று கேட்டேன். அக்கா கொஞ்சம் யோசித்தார். "நாந்தான். ஆனா அவரையும் பக்கத்துல உக்கார வச்சிதான்" என்றார்.