வழியில் நின்ற மின்சார வண்டி



கிணத்துக்கடவு சந்தைக்குப் போகும் வழியில் மின்சார வண்டி நின்றுவிட்டால் பதறாதீர்கள். ஓரமாய் ஒதுங்கி, பக்க ஸ்டாண்டு இறங்கியிருக்கிறதா, பிரேக் பிடி சிக்கியிருக்கிறதா என்று பாருங்கள். பல வண்டிகளில் இவையிருந்தால் மோட்டார் ஓடாது. இந்த மட்டும் நம் வேலை. பாட்டரியைப் பிரிப்பது பழகிய மெக்கானிக்கின் வேலை.

உப்பிய பாட்டரியை, நீர் புகுந்த பாட்டரியை, "ஒருதரம் போட்டுப் பார்ப்போம்" என்று வீட்டில் சார்ஜ் செய்யாதீர்கள். 2022 மார்ச்சில் வேலூரில், இரவில் சார்ஜுக்குப் போட்ட வண்டி தீப்பற்றி, புகையில் மூச்சடைத்துத் தகப்பனும் மகளும் மாண்டார்கள். கொலையை விலக்கும் ஐந்தாம் கற்பனை, அசட்டையால் உயிரைப் போக்குவதையும் விலக்குகிறது.

வண்டி சீராகும்வரை பஸ்ஸில் போவது குறைவல்ல. வழியில் வண்டியோடு நிற்பவரைக் கண்டால், தள்ள ஒரு கை கொடுங்கள்.